நோவாவின் நேரடி சூரியக் காற்றுச் சேவை: சிவப்புக் கோடு தங்கம், வண்ண வரைபடம் சுமார்

விலை எதுவும் இல்லை. கணக்குத் தொடங்க வேண்டாம், விளம்பரம் கிடையாது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இருக்கும் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் இதை நடத்துகிறது. அமெரிக்க அரசின் நோவா அமைப்பைச் சேர்ந்தது இந்த மையம். சூரியனிலிருந்து வீசும் காற்றையும் அது தூக்கி வரும் காந்தப்புலத்தையும் பூமியைத் தொடும் முன்பே அளந்து, நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். கைபேசியில் 'அரோரா', அதாவது துருவப் பகுதி வானில் தெரியும் துருவ ஒளி, என்று தேடினால் கிடைக்கும் செயலிகளில் பெரும்பாலானவை இங்கிருந்து தரவை எடுத்து வண்ணம் பூசித் தருபவைதான். சில செயலிகள் அதற்கு மாதச் சந்தாவும் கேட்கின்றன. எந்தச் செயலி நல்லது என்று அலைவதைவிட, மூலத்தை நேரே படிக்கப் பழகிவிடுவது லாபம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் சேவையில் அளந்து தரும் பகுதி முதல்தரம். சுருக்கித் தரும் பகுதி, அதாவது ஜி1 முதல் ஜி5 வரையிலான காந்தப்புயல் தரம், பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியது என்று 0 முதல் 9 வரை சொல்லும் கேபி எண், பச்சையும் சிவப்புமாக மின்னும் துருவ ஒளி வரைபடம், இவையெல்லாம் பின்னால் வந்து சேரும் செய்திகள். துருவ ஒளி பார்க்க வீட்டிலிருந்து கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க, காந்தப்புலம், அதன் கோணம், காற்றின் அடர்த்தி, வேகம், வெப்பநிலை என்று ஐந்து அடுக்காக ஓடும் வரைபடத்தின் மேல் அடுக்கில் ஓடும் சிவப்புக் கோடு ஒன்றே பெரும்பாலும் போதும். அதன் பெயர் பிஇசட்.

தரவு எங்கிருந்து வருகிறது

பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 என்ற இடம் இருக்கிறது. சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சேர்ந்து, அங்கே நிற்கும் கலத்தைப் பூமியோடு சேர்த்தே ஆண்டுக்கு ஒருமுறை சுற்ற வைக்கும். 1997 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஏஸ் என்ற கலம் அங்கேதான் இருக்கிறது. 2015 பிப்ரவரியில் போன டிஸ்கவர், 2016 ஜூலையிலிருந்து முதன்மைக் கலமானது. 2019 ஜூன் முதல் 2020 மார்ச் வரை டிஸ்கவர் படுத்துவிட, கிழட்டு ஏஸ்தான் தாங்கிப் பிடித்தது. 2025 ஜூலையில் டிஸ்கவர் மறுபடி நின்றபோதும் அதே கதை. அடுத்த தலைமுறைக் கலமான எஸ்டபிள்யூஎஃப்ஓ-எல்1 2025 செப்டம்பர் 24 அன்று ஏவப்பட்டது.

இந்த வரலாறு சும்மா சொல்வதில்லை. வரைபடத்தில் இப்போது எந்தக் கலத்தின் தரவு ஓடுகிறது என்ற குறிப்பு இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். கலம் மாறும் நேரத்தில் அடர்த்தியும் வேகமும் திடீரென்று ஒரு படி ஏறவோ இறங்கவோ செய்யும். புதிதாகப் பார்ப்பவர் அதை, சூரியனிலிருந்து பாய்ந்து வரும் மேகம் முன்னால் தள்ளிக்கொண்டு வரும் அதிர்ச்சி அலை என்று நினைத்து நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிடுவார். உண்மையான அதிர்ச்சி அலை வந்தால் காந்தப்புலம், வேகம், அடர்த்தி, வெப்பநிலை நான்கும் ஒரே நிமிடத்தில் எகிறும். மேல் அடுக்கு அசையாமல் கீழே மட்டும் துள்ளினால் அது கருவி சமாச்சாரம்.

மேல் அடுக்கு

இதில் இரண்டு கோடுகள். பிடி என்பது காற்று சுமந்து வரும் காந்தப்புலத்தின் மொத்த வலிமை. சாதாரண நாளில் 5 நானோடெஸ்லாவை (காந்தப்புலத்தின் அலகு) ஒட்டி நிற்கும். சிவப்பில் ஓடும் பிஇசட் அந்தப் புலத்தின் வடக்கு-தெற்குப் பகுதி. பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் வடக்கு, கீழே இறங்கினால் தெற்கு. பிஇசட் ஒருநாளும் பிடியைத் தாண்ட முடியாது. ஆகவே பிடி 4-இல் கிடக்கும் நாளில் பெரிதாக எதுவும் நடக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பிடி 20-க்கு மேலே போனால், பிஇசட் இப்போது எங்கே இருந்தாலும் சரி, வரைபடத்தை மூட வேண்டாம்.

திருநெல்வேலியில் தரையில் நின்று அளந்தால் பூமியின் காந்தப்புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா இருக்கும். வெறும் 10 நானோடெஸ்லாவோடு வரும் காற்று இதை என்ன செய்துவிட முடியும் என்று கேட்கத் தோன்றும். மோதல் தரையில் நடப்பதில்லை என்பதுதான் விடை. பூமியின் புலம் தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறைகிறது. சூரியனைப் பார்த்த பக்கத்தில், பூமியின் புலம் ஆளும் பகுதியான காந்தமண்டலத்தின் விளிம்பு சுமார் 10 பூமி ஆரத் தூரத்தில் இருக்கிறது. அங்கே பூமியின் புலம் 30 நானோடெஸ்லாவாகத் தேய்ந்துவிடுகிறது. விளிம்பில் ஓடும் மின்னோட்டம் அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக் கொடுக்கிறது. மறுபக்கம், சூரியக் காற்று பூமிக்கு முன்னால் வில் வடிவில் நிற்கும் அதிர்ச்சி அலையைக் கடக்கும்போது தன் புலத்தைச் சில மடங்கு நெருக்கிக்கொண்டு வருகிறது. ஆக, விளிம்பில் சந்திக்கும் இரண்டும் கிட்டத்தட்ட சம பலசாலிகள்.

அந்த விளிம்பில் பூமியின் புலக்கோடுகள் வடக்கு நோக்கி நிற்கின்றன. காற்றின் புலம் தெற்கு நோக்கி வந்தால் இரண்டும் நேரெதிர். அங்கே கோடுகள் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்த மறுஇணைப்பு என்று இதற்குப் பெயர். பூமியின் காந்தமண்டலம் இப்படித் திறந்து மூடுகிறது என்ற படத்தை 1961-இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் ஜேம்ஸ் டஞ்சி. ஒட்டிய கோட்டின் ஒரு முனை துருவத்தில் இருக்கும், மறுமுனை காற்றோடு போகும். காற்று அதை இழுத்துக்கொண்டு போய் இரவுப் பக்கத்து நீண்ட வாலில் மடித்துச் சேர்க்கும். வாலில் சேர்ந்தது தாங்காமல் போகும்போது அங்கே இன்னொரு மறுஇணைப்பு நடந்து, சூடான பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களாலான வாயு, பூமியை நோக்கித் திரும்பிப் பாயும். துருவ ஒளி திடீரென்று வெடித்தெழுவது அப்போதுதான். பாய்ந்து வந்ததில் ஒரு பங்கு பூமியைச் சுற்றி வளைய மின்னோட்டமாக மாறி, நிலநடுக்கோட்டுப் பகுதியில் தரையின் காந்தப்புலத்தையே கொஞ்சம் குறைத்துவிடும். டிஎஸ்டி என்ற குறியீடு அளப்பது இந்தக் குறைவை.

பிஇசட் வடக்கு நோக்கி நின்றால் மறுஇணைப்பு துருவ முனைகளுக்குப் பின்னால், வால் பக்கத்துப் புலத்தோடு நடக்கும். உள்ளே நுழையும் ஆற்றல் சொற்பம். பிஇசட்டை மதகு என்று வைத்துக்கொண்டால், காற்றின் வேகம் ஆற்றில் வரும் தண்ணீர். மதகு மூடியிருக்கும்போது வெள்ளம் எவ்வளவு வந்தாலும் வயலுக்குப் பாயாது.

எண்ணைப் போட்டுப் பார்ப்பது எப்படி

தெற்கு நோக்கிய பிஇசட்டை எடுத்து, குறி இல்லாமல், வினாடிக்குக் கிலோமீட்டரில் இருக்கும் வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் மில்லிவோல்ட் பர் மீட்டர் அலகில் மின்புலம் கிடைக்கும். பிஇசட் -10, வேகம் 500 என்றால் 5. இந்த எண்ணிக்கைக்கு ஒரு பெயர் பெற்ற வரலாறு உண்டு. 1987-இல் கொன்சாலெஸ், சுருட்டானி இருவரும் கண்டுசொன்ன விதிப்படி, பிஇசட் -10-க்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்று, மின்புலம் 5-ஐத் தாண்டினால் டிஎஸ்டி -100 நானோடெஸ்லாவுக்குக் கீழே போகும் கடும் புயல் எதிர்பார்க்கலாம். இன்றைக்கும் கைக்கணக்குக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஓ'பிரையன், மெக்பெரான் இருவரின் சூத்திரம் இருக்கிறது. மின்புலத்திலிருந்து 0.49-ஐக் கழித்து 4.4-ஆல் பெருக்கினால், டிஎஸ்டி மணிக்கு எத்தனை நானோடெஸ்லா விழும் என்று கிடைக்கும். வேகம் 700, பிஇசட் -20 என்று வையுங்கள். மின்புலம் 14, சரிவு மணிக்குச் சுமார் 59. விழுந்தது தானாக மீள்வதற்கான கால அளவு இந்த நிலையில் 4 மணி நேரம் என்பதால், அதே நிலை நீடித்தால் -240 பக்கம் போய் நிற்கும். இரண்டு மணி நேரத்தில் பிஇசட் வடக்கே திரும்பிவிட்டால் பாதி வழியிலேயே மீளத் தொடங்கிவிடும். ஆழத்தைவிட நீடிப்பு முக்கியம் என்று அனுபவசாலிகள் சொல்வதன் கணக்கு இதுதான். பத்து நிமிடத்துக்கு -25 தொட்டுவிட்டு வந்த பிஇசட்டைவிட, நாலு மணி நேரம் -8-இல் அசையாமல் கிடக்கும் பிஇசட் பெரிய காரியம் செய்யும்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வாசல் அளவு மாறும். வட நார்வேயின் டிராம்சோவிலோ ஃபின்மார்க்கிலோ இருக்கும் நம்மவர்களுக்கு -3 அரை மணி நேரம் நின்றாலே மாடிக்கோ மொட்டைவெளிக்கோ போய்ப் பார்க்கலாம். துருவ ஒளி வளையம் தலைக்கு மேலேயே இருக்கிறது. டொரன்டோக்காரர்களுக்கு அது போதாது. வடக்கு அடிவானத்தில் ஒரு கீற்று தெரியவே ஜி2, ஜி3 அளவுப் புயல் வேண்டும். -15, -20 சில மணி நேரம் நின்றால்தான் நகரத்தை விட்டு வண்டியை எடுப்பதில் அர்த்தம் உண்டு.

நேரக் கணக்கில் எல்லாரும் சறுக்கும் இடம்

வரைபடத்தில் இருப்பது எல்1-இல் அளந்த நேரம். பூமிக்கு வந்து சேர இன்னும் நேரமாகும். 15 லட்சத்தை வேகத்தால் வகுத்தால் போதும். 400 கிலோமீட்டர் வேகத்தில் 62 நிமிடம், 600-இல் 42, 800-இல் 31. புயல் பெரிதாக இருக்கும் நாளில்தான் அவகாசம் குறைவாக இருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 18:00 என்று வரைபடத்தில் தெரிகிற சரிவு, வேகம் 400 என்றால், நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 12:32-க்குத்தான் காந்தமண்டலத்தைத் தொடும். தொட்டவுடன் வானம் எரியாது. வால் நிரம்ப அரை மணியிலிருந்து ஒரு மணி வரை பிடிக்கும். நார்வேயில் பிஇசட் தெற்கே திரும்பியதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் இருபது நிமிடம் நின்று, ஒன்றுமில்லை என்று உள்ளே வந்துவிடுகிறவர்கள் இழப்பது சரியாக அந்த வெடிப்பைத்தான். எல்1 பயணம், பிறகு வால் நிரம்பும் நேரம், இரண்டையும் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

மற்ற அடுக்குகள்

ஃபை என்ற கோணக் கோட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. சூரியன் சுழல்வதால் காற்றின் புலம் பூமியருகே சுமார் 45 பாகை சாய்ந்த சுருளாக வருகிறது. ஃபை 135 பாகையை ஒட்டி நின்றால் புலம் சூரியனை விட்டு விலகும் பக்கம், 315-ஐ ஒட்டி நின்றால் சூரியனை நோக்கும் பக்கம். பூமியின் காந்த அச்சு சாய்ந்திருப்பதால், பக்கவாட்டில் கிடக்கும் புலத்தின் ஒரு பங்கு பூமியின் பார்வையில் தெற்காகிவிடுகிறது. ரஸல், மெக்பெரான் 1973-இல் விளக்கிய விளைவு இது. மார்ச், ஏப்ரலில் 315 பாகையும் செப்டம்பர், அக்டோபரில் 135 பாகையும் நமக்குச் சாதகம். இந்த இரண்டு பருவத்திலும் சாதாரணக் காற்றே நல்ல துருவ ஒளியைக் கொடுப்பதற்கு இதுவே காரணம். வரைபடத்தில் பிஇசட்டை ஜிஎஸ்எம் என்ற ஆய அமைப்பில் தருகிறார்கள்; பூமியின் காந்த அச்சைக் கணக்கில் எடுத்த அமைப்பு அது என்பதால் இந்தத் திருத்தம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வேறு ஏதாவது தளத்தில், காந்த அச்சைக் கணக்கில் எடுக்காத ஜிஎஸ்இ என்று போட்டிருந்தால் அந்த பிஇசட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அடர்த்தி, தேவைக்கு மேல் பரபரப்பு கிளப்பும் கோடு. கன சென்டிமீட்டருக்கு 5 துகள் சாதாரணம். 30, 40 என்று ஏறினால் சமூக ஊடகம் அல்லோலகல்லோலப்படும். அடர்த்தி ஏறினால் அழுத்தம் ஏறி காந்தமண்டலம் நசுங்கும், தரையிலுள்ள காந்தமானிகளில் ஒரு திடீர்த் துள்ளல் தெரியும். பிஇசட் வடக்கே இருந்தால் கதை பெரும்பாலும் அதோடு சரி. நசுங்கல் எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. அடர்த்தி 5, வேகம் 400 என்றால் அழுத்தம் சுமார் 1.3 நானோபாஸ்கல், விளிம்பு 11 பூமி ஆரத்தில் நிற்கும். அடர்த்தி 30, வேகம் 700, பிஇசட் -20 என்றால் அழுத்தம் 24-ஐத் தாண்டி, ஷூ என்பவரின் மாதிரிப்படி விளிம்பு ஐந்தரை ஆரத்துக்கு உள்வாங்கிவிடும். டிவி, வானிலைச் செயற்கைக்கோள்கள் நிற்கும் புவிநிலைப் பாதை 6.6 ஆரத்தில் இருக்கிறது. அதாவது பகல் பக்கத்தில் இருக்கும் செயற்கைக்கோள்கள் காந்தமண்டலத்துக்கு வெளியே, சூரியக் காற்றில் நேரடியாக மாட்டிக்கொள்ளும். இதே சேவையில், அந்தப் பாதையில் நிற்கும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களான கோஸின் காந்தமானி வரைபடம் தனியாக இருக்கிறது. சாதாரணமாக 100 நானோடெஸ்லாவை ஒட்டி மெல்ல அலையும், வடக்கு நோக்கிய புலத்தைக் காட்டும் ஹெச்பி கோடு பகல் நேரத்தில் சடாரென்று பூஜ்யத்துக்குக் கீழே போனால், விளிம்பு அந்தச் செயற்கைக்கோளைக் கடந்து உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு வரைபடத்துக்காகவே சேவைக்கு இன்னொரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

வெப்பநிலை அடுக்கு கடைசியில் இருந்தாலும் ஒரு கெட்டிக்கார வேலைக்கு உதவும். சூரியனிலிருந்து வீசி எறியப்பட்ட பிளாஸ்மா மேகம் வரும்போது முதலில் அதிர்ச்சி அலை, அதன் பின்னால் கலங்கிய பகுதி. இந்தக் கலங்கலில் பிஇசட் சில நிமிடத்துக்கு ஒருமுறை வடக்கும் தெற்குமாகத் துடிக்கும், வெப்பநிலை அதிகமாக இருக்கும். பிறகு மேகத்தின் உட்பகுதி வரும்: பிடி உயர்ந்து வழவழப்பாக ஓடும், வெப்பநிலை சட்டென்று விழும், அடர்த்தி குறையும், ஃபையும் பிஇசட்டும் மணிக்கணக்கில் மெல்லத் திரும்பும். முறுக்கிய கயிறு போன்ற புலத்தின் அடையாளம் இது. உட்பகுதி வடக்கு நோக்கித் தொடங்கியிருந்தால் சோர்ந்துபோய் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். அதே மெல்லிய திருப்பம் பிஇசட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறதா என்று கவனியுங்கள். கயிற்றின் பின்பாதி தெற்காக வர நல்ல வாய்ப்பு உண்டு.

எங்கெல்லாம் ஏமாற்றும்

பிளாஸ்மாக் கருவிகளை முழுசாக நம்ப முடியாது. சூரியனிலிருந்து அதிவேக புரோட்டான்கள் பொழியும் நேரத்தில் ஏஸின் வேகம், அடர்த்தி அளவைகள் குழம்பிவிடும்; 2003 ஹாலோவீன் புயலில் அப்படித்தான் ஆயிற்று. டிஸ்கவரின் கருவியும் அவ்வப்போது கண்டபடி எண் காட்டியதுண்டு. காந்தமானிகள் இரண்டிலும் கெட்டி. வேகக் கோடு பல்லிளித்தால், கடைசியாக நம்பும்படி இருந்த வேகத்தை வைத்துக் கணக்கைப் போட்டுவிட்டு பிஇசட்டோடு நில்லுங்கள்.

எல்1-இல் உள்ள கலங்கள் சூரியன்-பூமி நேர்கோட்டில் அசையாமல் நிற்பதில்லை. அந்தப் புள்ளியைச் சுற்றி வருவதால் கோட்டிலிருந்து லட்சக்கணக்கான கிலோமீட்டர் விலகியிருக்கும். அங்கே அளந்த புலம் அப்படியே பூமியைத் தொடும் என்ற உறுதி கிடையாது. பெரிய மேகங்களுக்கு இது பொருட்டல்ல. சின்னச் சின்ன அலைவுகளை நம்பித் திட்டம் போட்டால் ஏமாறலாம்.

கேபி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண். ஜெர்மனியின் ஜிஎஃப்இசட் நிறுவனம் 13 காந்த நிலையங்களை வைத்து அதிகாரபூர்வக் கேபி கணிக்கிறது. நோவா உடனுக்குடன் காட்டுவது குறைந்த நிலையங்களை வைத்துப் போட்ட மதிப்பீடு. மூன்று மணி நேரத்தின் முதல் இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துபோயிருந்தாலும் பட்டை சிவப்பாகவே நிற்கும். 9-க்கு மேல் அதற்கு எண்ணும் கிடையாது. கியூபெக் மாகாணத்தில் ஒன்பது மணி நேரம் மின்சாரம் போன 1989 மார்ச் புயலும், 2024 மே புயலும் கேபியில் ஒன்றுதான். டிஎஸ்டியில் முதலாவது -589, இரண்டாவது -400-ஐ ஒட்டியது. அரை மணிக்கு ஒரு எண்ணாக, மேல்வரம்பு இல்லாமல் வேண்டுமென்றால் அதே ஜிஎஃப்இசட் தரும் ஹெச்பி30 என்ற குறியீடு (கோஸின் ஹெச்பி கோடு வேறு) எவ்வளவோ மேல்.

துருவ ஒளி வரைபடம் பார்க்க அழகு. பின்னால் ஓடும் ஓவேஷன் என்ற கணினி மாதிரி, எல்1 தரவை வைத்து சராசரியாக எங்கே எவ்வளவு ஆற்றல் விழும் என்று வரைகிறது. வாலில் நடக்கும் திடீர் வெடிப்பு அதற்குத் தெரியாது. சூரியக் காற்றுத் தரவு கிடைக்காத நேரத்தில் கேபியை வைத்துச் சமாளிக்கிறது. அப்போது முன்னறிவிப்பு என்ற சொல்லுக்கே இடமில்லை. தரையில் என்ன நடக்கிறது என்று அறிய டிராம்சோ புவியியற்பியல் நிலையத்தின் காந்தமானி வரைபடத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். கோடு சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான நானோடெஸ்லா விழுந்தால் வெடிப்பு தொடங்கிவிட்டது. குளிர்கோட்டைத் தேடும் நேரம் அது.

இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே வரும் எச்சரிக்கையில்தான் பெரிய ஓட்டை. சூரியனிலிருந்து மேகம் கிளம்பியதைப் படமெடுத்து, டபிள்யூஎஸ்ஏ-என்லில் என்ற மாதிரியில் போட்டு, எப்போது வரும் என்று கணிக்கிறார்கள். வந்துசேரும் நேரத்தில் பத்து மணி நேரம் முன்பின் ஆவது சகஜம். அதைவிட முக்கியமானது, அந்த மாதிரியில் மேகத்துக்குள் சொந்தக் காந்தப்புலமே வைக்கப்படுவதில்லை. வேகமும் நிறையும் உள்ள ஓர் உருண்டையாகத்தான் அது பயணம் செய்கிறது. ஆகவே பிஇசட் தெற்கா வடக்கா என்பதை அது சொல்லவே முடியாது. ஜி3 என்று அறிவித்து ஒன்றும் வராமல் போவதற்கும், ஜி1 என்று சொன்ன இரவில் வானம் சிவப்பதற்கும் காரணம் முன்கணிப்பாளர்களின் சோம்பல் என்று திட்டுவது நியாயமில்லை. எல்1 வரை மேகம் வந்து சேராமல் விடை கிடைக்காது.

2024 மே 10 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005-க்குப் பிறகு முதல்முறையாக ஜி4 முன்னறிவிப்பு கொடுத்திருந்தார்கள். அது அவர்களுக்குப் பெருமை. அதிர்ச்சி அலை பூமியைத் தொட்டது யுடிசி மாலை 5 மணி வாக்கில். ஜி5 எட்டியதாக அறிவிப்பு வந்தது இரவு 11-ஐ ஒட்டி. இடைப்பட்ட ஆறு மணி நேரமும் பிஇசட் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று மேல் அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். தரக்குறியீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் ஐரோப்பிய முன்னிரவைத் தவறவிட்டார்கள். அன்றிரவு லடாக்கின் ஹான்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் முழுவானக் கேமராவே சிவப்பு ஒளியைப் பதிவு செய்தது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு என்ன உபயோகம்

துருவ ஒளி இங்கே தெரியப் போவதில்லை. ஆனால் காந்த நிலநடுக்கோடு தென்கோடி வழியாகப் போவதால் வேறொரு விளைவு இங்கேதான் கூர்மையாக இருக்கும். பகலில் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டப் பட்டை ஓடுகிறது. பிஇசட் சட்டென்று தெற்கே திரும்பினால், துருவப் பகுதியில் உண்டான மின்புலம் உடனடியாக நிலநடுக்கோடு வரை ஊடுருவி அந்தப் பட்டையை உசுப்பிவிடும். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் நடத்தும் ஆய்வகத்தின் காந்தமானிகள் இதைப் பிடிப்பதற்கு ஏற்ற இடத்தில் இருக்கின்றன.

ஜிபிஎஸ் கருவி வைத்து இரவில் நிலைப்பதிவு எடுப்பவர்கள், ஹெச்எஃப் அலைவரிசையில் பேசும் ஹாம் என்ற பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது சூரியன் மறைந்த பிறகான நேரம். வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயனிமண்டலத்தில் அப்போது அடர்த்தி குறைந்த குமிழ்கள் எழுந்து ஜிபிஎஸ் சமிக்ஞையை நடுங்க வைக்கும்; மார்ச், செப்டம்பர் பருவங்களில் அதிகம். யுடிசி 12 முதல் 14 மணிக்குள், நம் நேரத்தில் மாலை 5:30 முதல் 7:30-க்குள், தெற்குத் திருப்பம் பூமியைத் தொட்டால் குமிழ்கள் எழ வாய்ப்பு கூடும். புயல் அதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கியிருந்தால் நேர்மாறாக, அன்றிரவு குமிழ் அடங்கிப்போவதும் உண்டு. கேபி எண்ணை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே எண் வரலாம். இந்தியப் பகுதிக்கென்று தனி சமிக்ஞை நடுக்க முன்னறிவிப்பு இந்தச் சேவையில் கிடையாது என்பதால் பிஇசட்டைப் பார்த்து நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

ஆதித்யா-எல்1 இருக்கிறதே என்று கேட்கலாம். 2024 ஜனவரி 6 முதல் எல்1-இல் இருக்கிறது. 6 மீட்டர் நீளக் கையில் இரண்டு காந்த உணரிகள் வைத்திருக்கிறது. இஸ்ரோவின் பிரதான் தளத்தில் பதிவு செய்து தரவை இறக்கிக்கொள்ளலாம். நடந்து முடிந்த புயலை ஆராய அருமையான சரக்கு. இன்றிரவுக்கான முடிவுக்கு நோவாவின் நிமிடத் தரவுதான் கைகொடுக்கும்.

அமைத்துக்கொள்ளும் முறை

மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்யும்போது பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் டிக் செய்தால் பெட்டி நிரம்பி, பத்தே நாளில் பார்ப்பதையே விட்டுவிடுவீர்கள். 'வாட்ச்' என்பது நாள்கணக்கு முன்னறிவிப்பு, 'வார்னிங்' என்பது விரைவில் வரும் என்பது, 'அலர்ட்' என்பது ஏற்கெனவே நடந்துவிட்டது என்ற செய்தி. திடீர்த் துள்ளலுக்கான வார்னிங், கேபி 6-க்கான வார்னிங், இந்த இரண்டு போதும். நார்வேயில் இருந்தால் கேபி 5. கைபேசியில் ஐந்து அடுக்கும் குறுகித் தெரியும், படுக்கை வாக்கில் திருப்பி 6 மணி நேரக் காட்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 7 நாள் காட்சியில் பிஇசட் வெறும் தாடிபோல் தெரியுமே தவிர, நீடிப்பு புரியாது.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஜேசன் கோப்பை நேரே எடுக்கலாம். காந்தப்புலத்துக்கு ஒன்று, பிளாஸ்மாவுக்கு ஒன்று எனத் தனித்தனி. முதல் வரி தலைப்பு, அதைத் தாண்டிப் படிக்க வேண்டும். எண்கள் மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வரக்கூடும், மாற்றிக்கொள்ளாவிட்டால் ஒப்பீடு தப்பும். விடுபட்ட நிமிடங்கள் வெற்று மதிப்பாக வரும். அவற்றைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டால் பிஇசட் திடீரென்று நல்லபிள்ளை ஆகிவிட்டதாகக் காட்டும். நேர முத்திரையில் மண்டலக் குறிப்பு இல்லாததால் யுடிசி என்று நீங்களே சொல்லிக் கொடுக்க வேண்டும். வடக்கு மதிப்புகளைப் பூஜ்யமாக்கி, தெற்கு மதிப்பை வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்து, கடைசி 30 நிமிடச் சராசரி எடுத்து, 2-ஐத் தாண்டினால் மணியடிக்கும்படி வைத்தால் வட நார்வேக்குப் பொருத்தமாக இருக்கும். டொரன்டோவுக்கு 8 வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கோப்பை இழுக்காதீர்கள், அதைவிட வேகமாகப் புதிய வரி எதுவும் வருவதில்லை.